எப்படி டீச்சர்

“சரி, இந்த விடை எப்படி வந்துச்சு? எனக்குச் சொல்லிக் குடு.” சரியான விடைக்கும் இதே கேள்விதான், தப்பான விடைக்கும் இதே கேள்விதான். கேட்டுவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள், புதுக் கணக்கு டீச்சர். அதனால் பிள்ளைகள் வைத்த பெயர் ‘எப்படி டீச்சர்’. வேலைக்கு வந்து ஐந்து மாதமும் மூன்று வாரமும் ஆகிறது.

அடுத்த வகுப்பு அறிவியல் ஆசிரியைக்கு முதலில் இது எரிச்சலாக இருந்தது. இருபத்திரண்டு வருடம் கரடியாகக் கத்தியே பாடம் நடத்தியவர். நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்பு; அந்தப் பக்கம் சத்தமே வராவிட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

“ஏம்மா, விடையச் சொல்லிக் குடுத்துட்டுப் போயேன். போர்ஷன் ரெண்டு பாடம் பின்னாடி கெடக்கு” என்றார் ஒருநாள்.

“தப்பா போட்ட புள்ளையும் ஏதோ ஒரு வழியிலதான்க்கா வந்திருக்கும். அந்த வழியப் பாக்காம சிவப்பு மையில அடிச்சா, நாளைக்கும் அதே வழியிலதான் போகும்.”

அவளிடம் சிவப்புப் பேனாவே கிடையாது. தப்பான கணக்குகளைப் பிள்ளைகளின் பெயரோடு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். பேருந்தில் எல்லாரும் கைப்பேசி பார்க்கும்போது இவள் அதைப் படிப்பாள். ஒன்றிரண்டு முறை இறங்க வேண்டிய நிறுத்தத்தையும் கோட்டைவிட்டிருக்கிறாள்.

தகுதிகாண் பருவம் ஆறு மாதம். தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான். நேற்று அவர் படிவத்தோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அறிவியல் ஆசிரியைக்கு அப்போது வகுப்பில்லை. மனசு கேட்காமல் ஜன்னலோரம் நின்றார்.

கரும்பலகையில் அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டல். எழுந்து வந்தது, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற பெண். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதினாள்.

“எப்படி வந்துச்சு?”

அந்தப் பெண் தான் எழுதியதையே பார்த்தாள். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு. தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். ‘விடையச் சொல்லித் தொலையேம்மா’ என்று அறிவியல் ஆசிரியை மனசுக்குள் எப்படி டீச்சரிடம் கெஞ்சினார். நான்காவது நிமிடம் அந்தப் பெண் ஒரு கோடு இழுத்தாள். ஐந்தாகப் பிரித்தாள், இரண்டு பங்கைத் தடிப்பாக்கினாள், கோட்டின் நடுவில் ஒரு புள்ளி வைத்தாள்.

“டீச்சர்... அரையோட இன்னும் சேத்தா பெருசாத்தானே ஆகணும்? இது அரைகூட வரலியே!”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அறிவியல் ஆசிரியை ஜன்னலை இன்னும் நெருங்கி நின்றார். ஒரு பிள்ளை தன் தப்பைத் தானே பிடித்து, அதற்குச் சந்தோஷமும் படுவதை இத்தனை வருடத்தில் அவர் பார்த்ததில்லை.

அதற்குள் மணி அடித்துவிட்டது. சரியான விடை வரவே இல்லை. பிள்ளைகள் வெளியே ஓடியதும் தலைமையாசிரியை எழுந்து வந்தார். கையிலிருந்த படிவத்தில் கையெழுத்து இடம் காலியாகவே இருந்தது. “கடைசியிலயாவது விடைய எழுதிப் போட்டிருக்கலாமே” என்றபடி, பழக்கதோஷத்தில் டஸ்டரை எடுத்துப் பலகையைத் துடைக்கப் போனார்.

“வேணாம் மேடம். அவ இன்னும் முடிக்கல.”

எப்படி டீச்சர் குறுக்கே வந்து, சாக்பீஸ் எழுத்து கலையாதபடி ஒரு விரல் தள்ளி, அந்தக் கணக்கின் மேல் உள்ளங்கையை விரித்துப் பிடித்துக்கொண்டாள்.