தப்பே விழாத ஸ்வெட்டர்

பள்ளிக்கூட வாசலில் பஸ்ஸை நிறுத்தி, பிரேக்கைப் போட்ட கையோடு அட்ராக்டா ஸ்வெட்டர் பின்னலை எடுத்து ஸ்டீரிங் மேல் விரித்துவிடுவாள். மணி அடிக்கப் பதினெட்டு நிமிடம் இருக்கும். அதுவரை யார் வந்து கண்ணாடியைத் தட்டினாலும் பதில் வராது. உதடு மட்டும் கண்ணிகளை எண்ணிக்கொண்டிருக்கும். வரிசை முடிந்த பிறகுதான் நிமிர்வாள். "ம், இப்பச் சொல்லு. என்ன குடி முழுகிப் போச்சு?" ஒருமுறை பாதிரியாரையே மழையில் நிற்க வைத்தாள். அவரும் பேசாமல் நின்றார்.

ஐம்பத்திரண்டு வயது, நெட்டை உடம்பு, எந்நேரமும் ஒரு சிவப்பு மழைக்கோட்டு. கோணல் என்றால் அவளுக்கு ஆகவே ஆகாது. என் கடைக்குள் வந்தால் முதலில் தொங்கும் விலைச்சீட்டுகளை நேராக்குவாள், அப்புறம்தான் என் முகத்தைப் பார்ப்பாள். சாவு வீட்டில்கூட சாண்ட்விச்சுகளை ஓரம் சேர்த்து அடுக்கி வைத்துவிட்டுத்தான் அழுவாள். அவள் புருஷன் டோனலுக்கு மீன்பிடிப் படகில் வேலை. "பத்து நாள் கடல்ல கிடந்துட்டு வந்து, பூட்ஸைக் கோணலா விட்டதுக்குத் திட்டு வாங்குறவன் இந்த டனிகால் கரையிலேயே நான் ஒருத்தன்தான்" என்று மதுக்கடையில் சொல்லிக்கொண்டிருப்பான். சொல்லும்போது அவன் முகத்தில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

அயர்லாந்தின் இந்தக் கரையில், படகுத்துறை எதிரில், கோனல் என்று என் பெயர் போட்ட கடை. ஒரு பக்கம் மெஷினில் பின்னிய ஸ்வெட்டர்கள். அவற்றை மெஷின் என்று சொல்லியே விற்கிறேன். இன்னொரு பக்கம் ஊர்க்காரர்கள் பதினோரு பேர் கையால் பின்னியவை, அதிக விலை. ஒவ்வொன்றின் கழுத்திலும் பின்னியவர் தன் கையெழுத்தில் பெயர் எழுதிய அட்டை தொங்கும். அட்ராக்டாவின் ஸ்வெட்டர் ஓட்ஸ் கஞ்சி நிறத்தில் இருக்கும். மார்பில் முறுக்கிய கயிறு போல ஓடும் முறுக்குகளை எண்ணிப் பாருங்கள், அடிக்கோல் வைத்து அளந்து பாருங்கள், ஒரு கண்ணி பிசகியிருக்காது. இருபது வருடமாக எனக்கு அவள்தான் முதல் கை.

அதைக் கெடுத்தவன் நான்தான். நான்கு வருடத்துக்கு முன் ஒரு பெண், வேறொருவர் பின்னிய ஸ்வெட்டரில் ஒரு முறுக்கு வலப்பக்கம் சாய்வதற்குப் பதில் இடப்பக்கம் சாய்ந்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். சமாளிக்க வேண்டுமே. "அம்மா, அதுதான் கைவேலைக்கு அடையாளம். மெஷின் தப்பு பண்ணாது" என்று எடுத்துவிட்டேன். அவள் மலர்ந்து போய் இரண்டு வாங்கினாள். நாக்கு ருசி கண்டுவிட்டது. வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னேன். டூரிஸ்ட் பஸ் வழிகாட்டிகளும் கேட்டுக் கேட்டு மைக்கில் சொல்ல ஆரம்பித்தார்கள். இப்போது வெளியூர்க்காரர்கள் கடைக்குள் நுழைந்ததும் ஸ்வெட்டரைப் புரட்டிப் புரட்டித் தப்பு தேடுகிறார்கள். தப்பு கிடைத்தால் கைதட்டாத குறைதான். அட்ராக்டாவுடையதை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெஷின் என்று உதட்டைப் பிதுக்கித் திரும்ப வைத்துவிடுகிறார்கள். மே மாதம் வைத்த மூன்றும் ஆகஸ்டிலும் அப்படியே இருந்தன.

பயந்துகொண்டேதான் அவளிடம் பேச்செடுத்தேன்.

"ஒரே ஒரு முறுக்கு, அட்ராக்டா. எங்கயாவது கண்ணுக்குத் தெரியாத இடத்துல திருப்பிப் போட்டுடேன்."

"எதுக்கு?"

"விக்கிறதுக்குத்தான்."

"உன் கடை போர்டைத் தலைகீழா மாட்டிப் பாரேன். அதுவும் விக்கும்." சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஆனாலும் பத்து நாள் கழித்து, ஏற்கெனவே பாதிக்குமேல் பின்னியிருந்த ஒரு ஸ்வெட்டரை முடித்துக் கொண்டுவந்து மேசைமேல் போட்டாள். முகத்தில் பல் பிடுங்கிக்கொண்டு வந்த களை. விரித்துப் பார்த்தேன். இடது கையில், முழங்கைக்கு மேலே, ஒரு முறுக்கு திரும்பியிருந்தது. அப்பாடா என்றிருந்தது. அப்புறம் வலது கையைப் பார்த்தேன். அங்கேயும், அதே வரிசையில், அதே உயரத்தில் இன்னொன்று.

"ஒண்ணுதானே கேட்டேன்?"

"ஒரு கையில மட்டும் இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள்.

பார்த்தவர்களெல்லாம், "இந்த டிசைனுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார்கள். அதுவும் விற்கவில்லை. என்ன ஜென்மமோ இவள் என்று எரிச்சலாக வந்தது, சிரிப்பும் வந்தது.

செப்டம்பர் கடைசியில் வேறு வழி இல்லாமல் சொன்னேன். பெயர் அட்டையை எடுத்துவிட்டு நான்கையும் மெஷின் பக்கம் வைக்கிறேன், அங்கே போய்விடும் என்று. அவள் வெகுநேரம் விலைச்சீட்டுகளையே நேராக்கிக்கொண்டிருந்தாள். "ஒரு ஸ்வெட்டருக்கு ரெண்டு மாசம், கோனல். அதை மெஷின்னு எழுதி விப்பியா? வேணாம். வியாழக்கிழமை வந்து எடுத்துட்டுப் போயிடுறேன். இனிமே பின்ன மாட்டேன்." அவள் குரல் ஏறவில்லை.

வியாழன் பிற்பகல் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தாள். அந்த நேரம் பார்த்துக் கடையில் ஒரு அம்மாள், அட்ராக்டாவின் ஸ்வெட்டரை உள்பக்கம் திருப்பி மூக்கருகே வைத்துத் தையலை ஆராய்ந்துகொண்டிருந்தார். பெயர் மார்ஜரி, கனடாவில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். போன தடவை எங்கேயோ கைவேலை என்று நம்பி வாங்கி, வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் மெஷினாம். "இன்னொரு தடவை ஏமாந்தேன்னா என் தம்பி உயிர் இருக்கிறவரைக்கும் சொல்லிச் சிரிப்பான்" என்றார். பிறகு ஸ்வெட்டரை மடித்து வைத்தார். "இதுவும் மெஷின்தான். மனுஷக் கை இவ்வளவு சுத்தமா வராது."

சிவப்புக் கோட்டு அவர் பக்கத்திலேயே நின்றது.

"மனுஷக் கை இதுதாங்க" என்று அட்ராக்டா இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள்.

மார்ஜரி கைகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைக்காரன் ஆள் வைத்து நாடகம் போடுகிறான் என்று நினைத்தது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

அட்ராக்டா ஹீட்டர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். என் கத்தரிக்கோலை எடுத்து, ஸ்வெட்டரின் மணிக்கட்டு ஓரத்தில் கடைசி முடிச்சை வெட்டினாள். ஸ்வெட்டரின் கையை அவள் தோளில் தொடங்கி மணிக்கட்டில்தான் முடிப்பாள். அதனால் நூலை இழுத்ததும் பட்டை அவிழ்ந்து, அதற்கு மேலே இரண்டு மூன்று முறுக்குகள்வரை வரிசை வரிசையாகக் கழன்று வந்தது. ஐயோ என்று எனக்கு வாய்வரை வந்துவிட்டது. கோட்டுப் பையிலிருந்து ஊசிகளை எடுத்து, தொங்கிய கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கோத்தாள். "நூலைப் பிடிச்சுக்குங்க" என்று மார்ஜரியிடம் கொடுத்துவிட்டுப் பின்னத் தொடங்கினாள்.

மழைக்கு ஒதுங்கியவர்கள் சுற்றி நின்றார்கள். தபால்காரர் ஹியூகி, "அட்ராக்டா, பஸ் சம்பளம் பத்தலைன்னு வித்தை காட்ட ஆரம்பிச்சுட்டியா?" என்றார். அவள் காதில் வாங்கவில்லை; உதடு எண்ணிக்கொண்டிருந்தது. மூன்று வரிசை, நான்கு வரிசை. மார்ஜரி நூலை விட்டுக்கொடுத்தபடியே குனிந்து, தானும் எண்ணினார். அவருடைய சந்தேகம் எப்போதோ போய்விட்டிருந்தது, எனக்குத் தெரிந்தது.

யாரோ ஒருவர் போனை நீட்டிப் படம் எடுத்தார். அட்ராக்டா கண்ணை ஒரு கணம் தூக்கிவிட்டுத் திரும்பப் பின்னினாள். இரண்டு வரிசை போன பிறகுதான் மார்ஜரி விரலை வைத்தார்.

"இது இந்தப் பக்கம் சாஞ்சிருக்கே?"

அட்ராக்டா பார்த்தாள். நானும் பார்த்தேன். முறுக்கு திரும்பித்தான் இருந்தது. இருபது வருடத்தில் அவள் கையில் நான் பார்த்த முதல் தப்பு. அவள் காது இரண்டும் சிவந்துவிட்டன.

"விட்டுடுங்க, அப்படியே விட்டுடுங்க" என்றார் மார்ஜரி. குரல் குழைந்துவிட்டது. "என் கண்ணு முன்னாடி விழுந்த தப்பு இது. நான் நூலைப் பிடிச்சிருக்கும்போது விழுந்தது. ஊர்ல போய்க் காட்டணும். இதை நான் எடுத்துக்கிறேன். இப்பவே." கைப்பையையும் திறந்துவிட்டார். "அதைச் சரி பண்ணிட்டா எனக்கு வேணாம். அப்புறம் அதுவும் எல்லாத்தையும் போல ஆயிடும்."

விட்டுவிடடி மகராசி, என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஒன்று போனால் மற்ற மூன்றும் போய்விடும். இந்தக் கதையைச் சொல்லியே விற்றுவிடுவேன். கடையில் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அட்ராக்டா அந்த முறுக்கைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள். பிறகு மார்ஜரியை நிமிர்ந்து பார்த்தாள்.

"மன்னிச்சுக்குங்க, டீச்சர்" என்றாள். ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி மடியில் வைத்துவிட்டு, நூலைப் பிடித்து இழுத்தாள்.