வேண்டுதல் சீட்டில் எழுதிய பெயர்

கல்லறைத் திருநாள் வந்தால் வரதராசன்பேட்டைக் கோவிலில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுப்பார்கள். அப்பாவின் பெயரை எழுத அம்மா ஐந்து வருடம் விடவில்லை. போரில் "காணவில்லை" என்றுதான் ராணுவத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. காணாமல் போனவர் ஒருநாள் வந்து நிற்கலாம் அல்லவா? அதனால் உயிரோடிருப்பவர்களுக்கான வேண்டுதலில்தான் அப்பா இருந்தார். அம்மா நெற்றியில் பொட்டும் இருந்தது.

அப்போதுதான் ஆபீஸ் சார் வந்தார். குரும்பலூர்க்காரர், ராணுவ ஆவண அலுவலகத்தில் குமாஸ்தா. ஒரு மத்தியானம், ரகசியக் கோப்பிலிருந்து நகலெடுத்த தாளோடு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"உங்க வூட்டுக்காரரு அன்னைக்கே இறந்துட்டாரும்மா. எதிரி சுட்டதில்ல. நம்ம பீரங்கிக் குண்டு குறி தப்பி நம்மாளுங்க மேலயே விழுந்துருச்சு. மேல இருக்கறவங்களுக்குத் தெரியும், மறைச்சுட்டாங்க. நான் சொன்னேன்னு யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா ஜெயிலுதான்."

அம்மா அழவில்லை. "காப்பி போடட்டுங்களா சார்?" என்று கேட்டாள். பத்து வயதுக்காரி நானும் அழவில்லை. ஏனென்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

அடுத்த வாரம் செய்தித்தாளில் எல்லாம் வந்தது, கொடுத்தவர் பெயரைத் தவிர. தகவல் கொடுத்தது யாரென்று விசாரிக்க வந்தவர்கள் எங்கள் தெரு டீக்கடையில் நாள்முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். அம்மா, தன் கூடப்பிறந்த மாமாவிடம்கூட வாய் திறக்கவில்லை. ஆனால் கடவுளை அவள் அந்த "யாருகிட்டயும்" கணக்கில் சேர்க்கவில்லை.

"அந்த மனுசனுக்கு ஒரு பூசை கேட்டுடுவோம். நீ எழுது" என்றாள். அவளுக்கு எழுத வராது. எங்கள் ஊரில் தெருவுக்குப் பத்து அந்தோணி, பத்து ஆரோக்கியம். வேண்டுதல் ஆள்மாறிப் போகக்கூடாதென்று சீட்டில் ஊரும் தொழிலும் சேர்த்து எழுதுவது வழக்கம். அதே பழக்கத்தில் சாரின் பெயர், குரும்பலூர், அலுவலகம், எங்களுக்கு அவர் செய்த உதவி, எல்லாவற்றையும் எழுதினேன். பழைய பங்குச் சாமியார் இப்படிப்பட்ட சீட்டுகளை மனதுக்குள் படித்துக்கொள்வார். புதிதாக வந்திருந்தவர் ஞாயிற்றுக்கிழமை மைக்கில் படித்துவிட்டார். கூம்பு ஸ்பீக்கர் டீக்கடைப் பக்கம்தான் திரும்பியிருந்தது.

செவ்வாய்க்கிழமை சாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த வருடக் கல்லறைத் திருநாளில் அப்பாவின் பெயரை இறந்தவர்களோடு வாசித்தார்கள். அம்மா மெழுகுவர்த்தி ஏற்றினாள். எனக்குக் கை கால் எல்லாம் யாருடையதோ போல இருந்தது. அந்த மரமரப்பு முழுசாக விட்டதென்று சொல்ல மாட்டேன்.

இப்போது அரியலூரில் ஆசிரியையாக இருக்கிறேன். சார் வெளியே வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, போன மாதம் குரும்பலூருக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். பஸ்ஸில் போகும்போது மனப்பாடம் செய்ததெல்லாம் அவரைப் பார்த்ததும் மறந்துபோனது. அவரே பேச்செடுத்தார்.

"அந்தச் சீட்ட கோர்ட்டுல காட்டுனாங்கம்மா. எழுத்து யாருது?"

"என்னுதுதாங்க சார்."

"பேரு மட்டும் போதாதா? ஊரு, ஆபீசெல்லாம் எதுக்கும்மா எழுதுன?"

"வேண்டுதல் வேற யாருக்கும் போயிடக்கூடாதுன்னுதாங்க சார்."

அவர் தலையை ஆட்டினார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

"போகலம்மா" என்றார். "சரியா எங்கிட்டதான் வந்து சேந்துச்சு."