யுவன் இல்லாத வரைபடம்

பெங்களூரு ஜோகுபாளையத்து தர்ஷினிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். வளர்ந்த நாடுகளின் மக்கள்தொகைப் புள்ளிவிவரங்களைத் திரட்டி விற்கும் சின்ன நிறுவனமொன்றில் வேலை. மற்றவர்கள் சேர்த்த எண்கள் எங்கிருந்து வந்தவை என்று பார்த்து, அறிக்கையின் அடியில் 'சரிபார்த்தவர்' என்று தன் பெயரைப் போடுவாள். வேலை இன்னும் ஒப்பந்தம்தான். நிரந்தரமாக்குவது டீம் லீடர் சுந்தரேசன் கையில் இருந்தது.

அன்று ஜப்பான் அறிக்கை. மெல்லச் சரிந்து வந்த மக்கள்தொகைக் கோடு ஓரிடத்தில் தொபுக்கென்று பள்ளத்தில் விழுந்திருந்தது. ஒரே ஆண்டில் இத்தனை பேர் எங்கே போனார்கள்? தோண்டினாள். பழைய ஆண்டுகளின் எண்களை, உடன் வேலை பார்க்கும் கவின் ஐ.நா. தொகுப்பிலிருந்து எடுத்திருந்தான். அதில் நாட்டில் வசிக்கும் எல்லாரும் உண்டு. புதிய ஆண்டுகள் அந்நாட்டு அரசின் அட்டவணையிலிருந்து வந்தவை. அதில் மொத்த மக்களுக்கு ஒரு பத்தி, குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு பத்தி. கவின் எடுத்தது இரண்டாவதை.

"ஐயோ, பக்கத்துப் பத்தியா? சாரிக்கா!" என்று தலையில் அடித்துக்கொண்டான் அவன்.

பள்ளத்தில் காணாமல் போனவர்களில் தர்ஷினியின் தம்பி யுவனும் ஒருவன். ஜப்பான் குடியுரிமை இல்லாமல் நாகோயாவில் ஒரு முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டுகிறவன்.

சுந்தரேசனிடம் போனாள்.

"தெரியும் தர்ஷினி. கிளையன்ட்டுகிட்டயும் சொல்லிட்டேன். அவங்களுக்குப் பள்ளம்தான் வேணுமாம். ஜனம் பயந்தாதான் முதியோர் காப்பீடு விக்கும்."

"அப்ப ரெண்டும் வேற வேற கணக்குன்னு கீழ போடுங்க."

"சும்னே பிரச்சனை பண்ணாத. யாரு கேக்கப் போறா?"

"நான் கேக்கறேனே!"

"பர்மனென்ட் ஆகற நேரத்துல உனக்கு ஏன்மா இந்த வாய்?"

தம்பிக்குப் போன் போட்டாள்.

"என்னை எண்ணினா சம்பளம் ஏறுமாக்கா?" அவன் சிரித்தான். "இங்க ஒரு தாத்தா வெந்நி பத்தலன்னு கத்தறாரு. வை போனை."

அவனுக்குச் சிரிப்பு, இவளுக்கு ஆத்திரம். முதுகு தேய்க்க ஆள் வேண்டும், தலை எண்ணும்போது மட்டும் அந்த ஆள் வேண்டாமா? எண்ணாமல் போட்டுவிட்டு, சாமி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட இதென்ன கோயில் உண்டியலா? மொத்தப் பத்தியை வைத்துக் கோட்டைத் திரும்ப வரைந்தாள். பள்ளம் மறைந்து, சரிவு மட்டும் நின்றது. அதைச் சுந்தரேசன் மேசையில் வைத்தாள்.

"இதுக்குப் பேர் போடறேன். அதுக்கு மாட்டேன். வேணும்னா நீங்க போடுங்க."

"அப்ப நீ போடறியா?" என்று சுந்தரேசன் கவின் பக்கம் திரும்பினார். "டீ குடிச்சிட்டு வரேன் சார்" என்று அவன் நழுவினான்.

மாலையில் பள்ளத்தோடேயே அறிக்கை போனது. சரிபார்த்தவர் பெயர் இல்லை. மாதம் முடிந்ததும் தர்ஷினியின் ஒப்பந்தமும் முடிந்தது.

இப்போது நேர்காணல்களுக்கு அலைகிறாள். பழைய வேலையை ஏன் விட்டாய் என்று யாராவது கேட்டால், ஒரு தாளில் இரண்டு கோடுகளையும், அவை வந்த இரண்டு பத்திகளையும் கிறுக்கிக் காட்டுகிறாள். பலர் சிரித்து அனுப்பிவிட்டார்கள். போன வாரம் வீணா என்ற அதிகாரி மட்டும் தாளைத் தன் பக்கம் இழுத்து, "இந்த ரெண்டு பத்தியில எது பொய்?" என்று கேட்டாள்.

"ரெண்டுமே நிஜம் மேடம். ஒட்டினதுதான் பொய்."