எதிர்க்கடை ஆயிலும் என் துணி முடிச்சும்

மரம் அறுக்கிற மிஷினுக்குப் பெட்ரோலில் ஆயில் கலப்பது கைப்பிள்ளைக்குப் பால் கலப்பது மாதிரிதான். கூடினாலும் அழும், குறைந்தாலும் அழும். நான் இரண்டையும் செய்தவள், நடுவில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு. ஆடலூர் பஜாரில் எங்கள் கடை. வீட்டுக்காரர் மிஷின் ரிப்பேர் பார்ப்பார். ஆயில் விற்பதும், ஆட்கள் கேனில் கொண்டுவரும் பெட்ரோலில் அதை அளந்து கலந்து கொடுப்பதும் என் சோலி. கடை நடத்துகிறவர்களுக்கு, அதிலும் எதிர்த்தாற்போல இன்னொரு கடை முளைக்கப் பெற்றவர்களுக்கு, என் வயிற்றெரிச்சல் சொல்லாமலே புரியும்.

பால் பாட்டில் அளவு

என் மகன் பாட்டில் வேண்டாமென்று தூக்கி எறிந்த அன்றே அது கடைக்கு வந்துவிட்டது. மில்லி கோடு போட்ட பாட்டிலைச் சும்மா போடுவானேன்? நல்ல கம்பெனி மிஷினுக்கு லிட்டருக்கு இருபது மில்லி, பேர் தெரியாத மிஷின் என்றால் நாற்பது. கலந்து முடித்ததும் மகனின் பழைய சட்டையில் ஒரு துண்டு கிழித்துக் கேன் கழுத்தில் முடிச்சுப் போடுவேன். முடிச்சு இருந்தால் மிஷினுக்கு, இல்லையென்றால் பைக்குக்கு. எழுதப் படிக்கத் தெரியாத ஆளும் தப்பு பண்ண முடியாது.

மிளகுத் தோட்டக்காரர் ஒருவருக்கு மட்டும் என் அளவில் நம்பிக்கை இல்லை. ஆயில் கூட விட்டால்தான் மிஷினுக்குத் தெம்பு என்று தானே இன்னொரு மடங்கு ஊற்றிக்கொண்டு போனார். மறுநாள் பிளக் கரிப்பிடித்து, மிஷினைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். முகத்தில் வருத்தமே இல்லை. "மிஷின் ஓடல தாயி. ஆனா அது விட்ட புகையில தோட்டத்துல ஒரு கொசு இல்ல."

கண்ணாடிக் கதவு

போன வருஷம் எங்கள் கொழுந்தன் எதிரே கடை போட்டார். கடையில் உட்காருவது அவர் பெண்டாட்டி, என் ஓரகத்தி ஷமீமா. திண்டுக்கல்லில் காலேஜ் படித்தவள். கண்ணாடிக் கதவு, பளிச்சென்று விளக்கு, ஆயில் அளக்க மூக்கு வைத்த கண்ணாடிக் குவளை. அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கி அவள் ஊற்றுவதை ஆட்கள் வாய் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதே ஆயில், அதே இருபது மில்லி. பால் பாட்டிலில் ஊற்றினால் யார் பார்க்கிறார்கள்?

அவள் கதவு திறந்தாலே என் கழுத்து தானாகத் திரும்பிக்கொள்ளும். அப்படித் திரும்பியபடியே ஒருநாள் கலந்துகொண்டிருந்தேன். கீழே உட்கார்ந்து செயினுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் தலை நிமிராமல் சொன்னார்: "அங்க யாரு வந்தான்னு அப்புறம் பாக்கலாம் புள்ள. ஆயிலு என் முதுகுல வடியுது."

இஞ்சி டீ

காப்பித் தோட்டங்களில் நிழல் மரக் கிளைகளைக் கழிக்கும் காலத்தில் வேலுச்சாமி மேஸ்திரி ஆட்களோடு வந்து இறங்கினால்தான் எங்கள் கடைக்குச் சீசன். இந்த வருஷம் அவர் என் கடை வாசலைத் தாண்டி நேரே கண்ணாடிக் கதவுக்குள் போனார். திரும்பி வரும்போது வழியில் மறித்துக் கேட்டேன். என் ஆயிலில் குற்றமே இல்லையாம், அங்கே டீ கொடுக்கிறார்களாம்.

விடுவேனா? பெட்ரோல் இருக்கிற இடத்தில் அடுப்பு ஆகாது என்று வீட்டிலேயே இஞ்சி தட்டிப் போட்டு, பிளாஸ்க்கில் கொண்டுவந்து வைத்தேன். மேஸ்திரி வரவில்லை. பஜாரில் மற்ற எல்லாரும் வந்தார்கள். தினமும் வெள்ளனே வந்து பெஞ்சைப் பிடிக்கும் ஜீப் டிரைவரிடம், அண்ணே, ஆயில் எப்போதான் வாங்குவீர்கள் என்று கேட்டேவிட்டேன். "எனக்கெதுக்கு தாயி ஆயிலு? மரமும் இல்ல, மிஷினும் இல்ல. டீ நல்லாருக்கு."

காலண்டர் தாள்

ஒருநாள் காலையில் மேஸ்திரி இரண்டு கேனையும் ஒரு மிஷினையும் எங்கள் கடையில் இறக்கினார். பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொண்டு மிஷின் நின்றுவிட்டதாம். எதிர்க்கடை ஆயில்தான் மிஷினைத் தின்றுவிட்டது, இன்றைக்கு அந்த ஷமீமாப் பிள்ளையை உண்டு இல்லை என்று பண்ணப்போகிறேன் என்று குதித்தார். மனசுக்குள் எனக்கு அன்றைக்கே பெருநாள்.

வீட்டுக்காரர் மிஷினைப் பிரித்தார். பிஸ்டன் முழுக்கக் கீறல். ஆயில் பட்ட தடமே இல்லை. கெட்ட ஆயில் என்றாலும் பிசுக்காவது இருக்கணுமே? காலண்டர் தாளைக் கிழித்து இரண்டு கேனிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு விட்டேன். காய்ந்ததும் ஒன்று எண்ணெய்க் கறையாக நின்றது. இன்னொன்று இருந்த இடமே தெரியவில்லை. அது பைக்குக்கு வைத்திருந்த வெறும் பெட்ரோல். இரண்டும் ஒரே மாதிரி வெள்ளைக் கேன். என் முடிச்சைப் பார்த்தே பழகின மேஸ்திரியின் ஆள், எதிர்க்கடைக் கேனில் முடிச்சு இல்லாததால் கைக்கு வந்ததை எடுத்து மிஷினில் ஊற்றியிருக்கிறான்.

நிமிர்ந்து பார்த்தால் மேஸ்திரி அதற்குள் ரோட்டைத் தாண்டிவிட்டார். வாயை மூடிக்கொண்டு இருந்தால் அவர் இனி என் கடைக்குத்தான். ஆனால் ஆடலூரில் வாங்கின ஆயில் மிஷினைக் கெடுக்கும் என்று ஒரு பேச்சுக் கிளம்பினால், நாளைக்கு என் பால் பாட்டிலையும் அல்லவா மோந்து பார்ப்பார்கள்? தாளைப் பிடித்துக்கொண்டு வெரசா ஓடினேன். அவள் கலந்தது சரியான அளவு, உங்கள் ஆள்தான் கேனை மாற்றிவிட்டான் என்று அவள் முன்னாலேயே சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். மேஸ்திரி தன் ஆளைத் திட்டிக்கொண்டே வெளியே போனார்.

ஷமீமா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களும் டீ போட ஆரம்பிச்சதும் எனக்கு அழுகையே வந்துருச்சுக்கா. ஒங்க கடையில எந்நேரமும் சிரிப்புச் சத்தமா கெடக்கேன்னுதான் நானே டீ போட்டேன்."

முடிச்சு

மிஷின் சரியானதும் மேஸ்திரி கேன்களோடு நேரே என் கடைக்கு வந்தார். எனக்கு உச்சி குளிர்ந்தது. எதிர்க்கடை பார்க்கிற மாதிரி பால் பாட்டிலை நன்றாகத் தூக்கிப் பிடித்து, ஷமீமா போலவே ஒரு கண்ணையும் சுருக்கினேன். அவர் அவசரமாகக் கையைக் காட்டித் தடுத்தார். "கலந்தாச்சு தாயி. ஆயிலு அங்க வாங்கிக்கிட்டேன், துணி மட்டும் நீ கட்டிக் குடு."

லிட்டருக்கு எவ்வளவு ஆயில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன், ஓரகத்தி மேல் எவ்வளவு வயிற்றெரிச்சல் போதும் என்பதற்குத்தான் எந்தப் பாட்டிலிலும் கோடு இல்லை.