இரண்டு பேருக்கு ஒரு பலகை

வியாழக்கிழமை மட்டும்தான் எங்களுக்கு இருந்தது. மற்ற நாட்களில் ஒரே வீட்டுக்குள் நாங்கள் இருவரும் இரண்டு வெவ்வேறு நேரங்களாக வாழ்ந்தோம். நான் விடிய எழும்பி, சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடும் இத்தாலிய முதலாளியம்மாவின் வீட்டுக்குத் துடைக்கவும் சமைக்கவும் போவேன். மாலையில் நான் படியேற, என் கணவர் படியிறங்குவார், ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தின் சமையலறைக்கு. அவர் வந்து படுப்பது எனக்குத் தெரியாது. நான் எழுந்து போவது அவருக்குத் தெரியாது. படியில் சந்தித்தால், "சோறு கிடக்கு" என்பேன். "ஓம்" என்பார். "காஸ் முடியப்போகுது." "ஓம்." சிசிலித் தீவின் பலேர்மோ நகரில் எங்கள் குடும்ப வாழ்க்கை பெரும்பாலும் அந்தப் படிக்கட்டில்தான் நடந்தது.

வியாழன் உணவகத்துக்கு விடுமுறை. வீட்டு வேலை செய்கிறவர்களுக்கும் அன்று பின்னேரம் ஓய்வு. கிடைத்த அந்த அரை நாளில் என்ன செய்தோம்? தூங்கினோம். விசாக் காகிதங்களுக்காக வருடக்கணக்கில் காத்திருந்து, கடலும் கண்டமும் தாண்டி ஒன்று சேர்ந்த இரண்டு பேர், முதுகோடு முதுகு வைத்துத் தூங்கினோம். எழும்பும்போது இருட்டியிருக்கும். தூங்கியதால் களைப்பு போனதாக எனக்கு நினைவில்லை. களைப்பு எங்களோடு குடியிருந்தது. வாடகை கொடுக்காத மூன்றாவது ஆள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குளிர்காலம். ஜனவரியில் வரும் மூவிராசாக்கள் திருநாளை ஒட்டி, சிஞ்ஞோரா குடும்பம் மதோனியே மலையில் இருந்த தங்கள் வீட்டுக்குப் போனபோது, சமைப்பதற்கு என்னையும் கூட்டிப்போனது. சிஞ்ஞோராவின் மகளுக்கு என் வயதுதான் இருக்கும். அவளிடம் ஒரு ஸ்னோபோர்ட், பனியில் நின்றபடி சறுக்கும் பலகை, இருந்தது. ஒருநாள் பின்னேரம், நான் பாத்திரம் கழுவி முடித்த கையோடு, "வா, ஏறு" என்று தன் சப்பாத்தை எனக்கு மாட்டி, இடது காலை முன்னுக்கும் வலது காலைப் பின்னுக்கும் பூட்டி, தோளைப் பிடித்துச் சரிவில் விட்டுவிட்டாள்.

ஒரு நிமிடம் இருக்குமா? அதற்கும் குறைவாக இருக்கலாம். பலகை என்னைக் கேட்காமலே போனது. காற்று காதைத் தின்றது. பிறகு விழுந்தேன், வாயெல்லாம் பனி. படுத்துக் கிடந்து வானத்தைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: அந்த நேரம் முழுவதும் நான் களைத்திருக்கவில்லை. களைப்பு எங்கோ மேலே, நான் புறப்பட்ட இடத்தில் நின்றுவிட்டது. என்னைத் தேடி அது கீழே வந்து சேரச் சற்று நேரம் பிடித்தது.

அந்த நிமிடம் அவருக்கும் வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் களைப்பில்லாமல் இருந்தால் நாங்கள் எப்படி இருப்போம் என்று எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது. வேறு எதற்காகவும் இல்லை.

படிக்கட்டில் வைத்துத்தான் சொன்னேன். அவர் ஒரு படி கீழே நின்று கேட்டார்.

"பனியிலை வழுக்கிறதுக்குக் காசு குடுக்கிறதோ? குளியலறையிலை சும்மா வழுக்குது."

"ஒண்டுதான் வாங்குவம். ரெண்டு பேருக்கும்."

"ரெண்டு பேருக்கு ஒண்டு..." என்று தலையை ஆட்டிக்கொண்டு இறங்கினார். கடைசிப் படியிலிருந்து, "எந்தக் கடை?" என்று குரல் வந்தது.

பலேர்மோவில் விளையாட்டுச் சாமான் கடை என்றால் முன்னுக்கு முழுக்க முழுக்கக் கடல்தான். மூழ்கிப் பார்க்கும் கண்ணாடி, காலில் மாட்டும் துடுப்பு, மொண்டெல்லோக் கடற்கரைக்கான குடை. அதையெல்லாம் தாண்டிப் பின்பக்கம், வெளிச்சம் குறைந்த ஒரு சுவரில்தான் குளிர்காலம் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. விலைக்கழிவு விற்பனை நடந்த வாரம். கடைக்காரர் வெயிலில் கறுத்த வயதாளி. எங்கள் கையில் இருப்பது இவ்வளவுதான், அதற்குள் பலகை, அதில் காலைப் பிடிக்கும் பூட்டு, இரண்டு சோடி சப்பாத்து என்று சொன்னதும், விரல்களைக் குவித்து எங்கள் முகத்துக்கு முன்னால் ஆட்டினார். இரண்டு பேருக்கு ஒன்றா?

ஆனால் பொறுமையாகச் சொல்லித் தந்தார். நீளமாய், விறைப்பாய், ஒரு பக்கம் மட்டும் மூக்கு வளைந்திருப்பது வேகமாக இறங்குகிறவர்களுக்கு. அதன் பூட்டு வெறும் தகடும் கம்பியும். பிளாஸ்டிக் சப்பாத்து இல்லாமல் அது பிடிக்காது. மற்றது ஃப்ரீஸ்டைல். கட்டையாய், மெத்தென்று, இரண்டு நுனியும் ஒரே மாதிரி. குதிக்கிறவர்களும் சுழல்கிறவர்களும் வாங்குவது. குதிகாலுக்குப் பின்னால் முதுகு வைத்த வார்ப்பூட்டு அதற்கு.

"நாங்கள் குதிக்கப் போவதில்லை" என்றேன்.

"இரண்டு பேர் என்றீர்களே" என்றார் அவர். ஒருவருக்கு இடது கால் முன்னால் வரும், மற்றவருக்கு வலது. இந்தப் பலகைக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வாத்து நிற்பதுபோல இரண்டு பூட்டையும் வெளிப்பக்கம் திருப்பி வைத்தால், எவர் ஏறினாலும் ஆணி கழற்ற வேண்டாம்.

எவருக்கு எந்தக் கால் என்று பார்க்கக் கால்களைச் சேர்த்து நிற்கச் சொன்னார். பின்னாலிருந்து தள்ளும்போது எந்தக் கால் தானாக முன்னுக்கு வருகிறதோ அதுதான். என்னைத் தள்ளுமுன் அவர் என் கணவரைப் பார்த்தார். "நீங்கள் தள்ளுங்கள்" என்றார். கணவர் என் முதுகில் கை வைத்தார். அந்த வாரத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல். பஸ்ஸில் முன்னால் நிற்பவரிடம் வழி கேட்பதுபோலத் தள்ளினார். நான் வலது காலை எடுத்து வைத்தேன். பிறகு கடைக்காரர் அவரைத் தள்ளினார். அவருக்கும் வலது கால்.

இரண்டு பேரும் வலதா, இது அபூர்வம் என்று கடைக்காரர் புருவத்தை உயர்த்தினார். அப்படியென்றால் மூக்கு வைத்த பலகையே போதும், விலையும் குறைவு என்றார். கணவர் அதன் பக்கம் சாய்ந்தார்.

"இது மலிவு."

"இந்த விறைப்பு எனக்கு வளையாது. பிளாஸ்டிக் சப்பாத்து ரெண்டு சோடி வாங்க வேணும். பிறகு எங்கை மலிவு?"

ஃப்ரீஸ்டைல் என்று முடிவானது. வாடகைக்கு விட்டு மீந்த ஒரு வரிசையைக் கடைக்காரர் காட்டினார். நிலத்தில் வைத்தால் பலகையின் நடு மெல்ல எழும்பி நிற்க வேண்டும், சப்பென்று படுத்தால் அது செத்தது என்றார். நான் அடியில் ஒரு பத்திரிகைத் தாளைச் செருகிச் செருகிப் பார்த்தேன். இரும்பு விளிம்பில் நகத்தை ஓட்டினேன். ஆணி போகும் துளைகளைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா என்று கணவர் குனிந்து பார்த்தார், மீனின் செவுளைத் திறந்து பார்ப்பதுபோல.

நீளத்தில்தான் மாட்டினோம். நிமிர்த்தி வைத்தால் பலகை நாடிக்கு, மோவாய் மட்டத்துக்கு, வர வேண்டுமாம். கணவர் உயரம். நான் அவர் தோளுக்குக் கீழே.

"உமக்கு அளவானதை எடும்" என்றார்.

"உங்களுக்குப் பாருங்கோ. நான் சமாளிப்பன்."

"நான் சமாளிக்க மாட்டனோ?"

"உங்கட பாரத்துக்கு இது காணாது."

"நீரல்லோ ஆசைப்பட்டனீர்."

அப்படியே போனது. சாப்பாட்டு மேசையில் கடைசி மீன்துண்டை இருவரும் மற்றவர் தட்டுக்குத் தள்ளித் தள்ளி, முடிவில் ஆறிப்போய்க் கிடக்குமே, அதுபோல. கடைசியில் நடு அளவை எடுத்தோம். கடைக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இவருக்குக் கட்டை, உனக்கு நீளம்" என்றார். இரண்டு பேரும் சந்தோஷமாகத் தலையாட்டினோம். யாரும் யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை.

பலகை பழசாக இருக்கலாம், பூட்டு பழசாக இருக்கக்கூடாது என்றார் கடைக்காரர். பலகை கீறுப்பட்டால் பலகைதான் கீறுப்படும். வார் அறுந்தால் கால் போகும். ஆகவே பூட்டு மட்டும் புதிது. அதுவும் நடு அளவு. வெளியே வரும்போது கணவர் சொன்னார்: "கதவைவிடப் பூட்டு விலை கூட எண்டு இண்டைக்குத்தான் காணுறன்."

பலகையைத் துணி சுற்றிப் படியேற்றியபோது கீழ்வீட்டு அக்கா கதவைத் திறந்தார். மன்னார்க்காரி. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது பங்குச் சாமியாரைவிட அவருக்குத் தெரியும்.

"என்ன தம்பி, அயன் பண்ணுற பலகையோ?"

"ஓம் அக்கா" என்றார் கணவர், மூச்சு வாங்க.

மலைக்குப் போக முழு வியாழன் வேண்டும். சிஞ்ஞோராவிடம் கேட்டேன். அதற்குப் பதிலாக, பனி இருக்கும் வரை ஞாயிறு காலைகளில் வந்து வேலை செய்வதென்று பேச்சாயிற்று. இரண்டாம் ஞாயிறே படிக்கட்டில் அக்கா பிடித்தார். "அயன் பலகை வாங்கினாப் பிறகு உங்களைப் பூசையிலையும் காணேல்லை. அவ்வளவு உடுப்போ?"

கணவரோடு வேலை செய்யும் சமையற்காரர் ஒருவரின் பழைய காரை இரவல் வாங்கிப் போவோம். கணவர் கண்ணாடியைத் திறந்துவிட்டு ஓட்டுவார், குளிர் முகத்தில் அடித்தால்தான் கண் மூடாது. மேலே இழுத்துச் செல்லும் கம்பிக்குச் சீட்டு வாங்கவில்லை. வீதியோரம், பிள்ளைகள் பிளாஸ்டிக் பையில் உட்கார்ந்து சறுக்கும் ஒரு சரிவு இருந்தது. பலகையைத் தோளில் வைத்து நடந்து ஏறுவோம். ஒருவர் ஏற, மற்றவர் கீழே கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நிற்பார். ஒரு பலகையின் கணக்கு அதுதான்: ஒருவர் மேலே, ஒருவர் கீழே. படிக்கட்டைத் தூக்கிக்கொண்டு மலைக்கு வந்திருந்தோம்.

வலது காலை முன்னுக்கு வைத்து இறங்கினோம், விழுந்தோம். அவர் சப்பாத்தின் முனை பலகைக்கு வெளியே நீட்டி, திரும்பும்போதெல்லாம் பனியைக் குத்தி அவரைக் கவிழ்த்தது. எனக்குப் பலகை திரும்பவே இல்லை, பிடிவாதக்காரப் பசு மாதிரி. ஈரமான காற்சட்டை, ஊமைக் காயங்கள். அந்த நிமிடம் வரவில்லை. மூன்றாம் வியாழன் அவர், "நீர் போம், நான் காருக்கை இருக்கிறன்" என்றார். நான்காம் வியாழன் சொல்லக்கூட இல்லை. கார் நின்றதும் இருக்கையைச் சரித்தார். தூங்கினார்.

நான் தனியாக ஏறினேன். பூட்டுகள் நெருங்கி இருப்பதுபோலவும், வார் இறுக்கமாய்ப் பிடிப்பதுபோலவும் பட்டது. அதிகம் யோசிக்கவில்லை. வழக்கம்போல வலது காலை முன்னுக்கு வைத்து இறங்கி, நடுவில் தடுமாறினேன். பலகை சுழன்று பின்பக்கமாக ஓடத் தொடங்கியது. இடது கால் முன்னுக்கு. விழுவேன் என்று காத்திருந்தேன். விழவில்லை. ஓடியது. இரண்டு நுனியும் ஒன்றான பலகைக்கு எந்தக் குறையும் இல்லை. சிஞ்ஞோராவின் மகள் என்னைப் பூட்டிவிட்டது இடது கால் முன்னால்தான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காற்று காதைத் தின்றது. களைப்பு மேலே நின்றுவிட்டது.

கீழே வந்து நின்று பார்த்தேன். காரின் கண்ணாடிகள் மூச்சுப் படிந்து வெளுத்திருந்தன. அந்த நிமிடம் எனக்குக் கிடைத்துவிட்டது, அவர் இல்லாமல். அது கிடைக்காமல் வெறும் கையோடு திரும்பிய வியாழன்களில்கூட எனக்கு அப்படி வலித்ததில்லை.

கண்ணாடியில் தட்டினேன். "எழும்புங்கோ. உங்கட முறை. இடது காலை முன்னுக்கு வைக்க வேணும், கடையிலை பிழை விட்டிட்டம்."

அவர் கண்ணைக் கசக்கினார். "என்ர சப்பாத்து இனி அதுக்குள்ளை போகாது. பூட்டை உமக்கு அளவாக் கிட்ட வைச்சு, வாரையும் சின்னனாக்கிப்போட்டன்."

"எப்ப?"

"காலமை. நீர் தேத்தண்ணி ஊத்தேக்கை."

"நான் கேட்டனானோ?"

"ஒராளுக்கெண்டாலும் சரியா இருக்கட்டும் எண்டு பாத்தன்." பிறகு, கண்ணை மூடிக்கொண்டு, "எனக்குக் களைப்பாக் கிடக்கு" என்றார்.

"எனக்கும்தான்."

அதை நாங்கள் ஒருவருக்கொருவர் அதுவரை சொன்னதே இல்லை. சோறு கிடக்கு, காஸ் முடியப்போகுது, இவ்வளவையும் சொல்லியிருக்கிறோம். இதைச் சொல்லவில்லை. நான் போத்தலில் இருந்த தேநீரை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். கொஞ்ச நேரத்தில் காரின் கதவு சாத்துப்படும் சத்தம் கேட்டது.

சரிவின் அடியில் பலகையைக் குறுக்காக வைத்து இரண்டு பூட்டுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். அவர் வந்து பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இடம் மட்டுமட்டாகக் கண்டது.

"கடையிலை ஏன் வலது காலை வைச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"புதுச்சாமான் வாங்கப் போன இடத்திலை இடது காலையோ வைக்கிறது? நீர் ஏன் வைச்சனீர்?"

"கலியாணத்தண்டு உங்கட வீட்டு வாசல்லை அதைத்தான் வைக்கச் சொன்னவை."

அவர் சிரித்தார். தேநீர் ஆறியிருந்தது. குடித்தோம். பிள்ளைகள் பிளாஸ்டிக் பைகளில் எங்களைக் கடந்து போனார்கள். ஒரு பெண்பிள்ளை திரும்பிப் பார்த்து, இவர்கள் ஏன் இதன்மேல் குந்தியிருக்கிறார்கள் என்பதுபோல வாயைப் பிளந்தாள். எங்கள் பாரத்தில் பலகை மெல்ல நழுவத் தொடங்கியது. கோப்பை கவிழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை என் முதுகில் வைத்து, அவர் சட்டென்று ஒரு காலை முன்னுக்கு ஊன்றி நிறுத்தினார்.

பார்த்தேன். இடது கால்.

"வாற வியாழன் ஸ்குரூ டிரைவரைக் கொண்டு வாங்கோ" என்றேன். "பூட்டைத் திரும்ப நடுவிலை வைப்பம்."

"ஓம்" என்றார்.