ஒற்றை நீல ஓட்டு

பரிசுப் பொட்டலம் கட்டும் நீல ரிப்பனை மடித்து மடித்து, நடுவில் ஒரு சட்டைப் பொத்தானை வைத்துத் தைத்த பூ ஒன்று என் காலுறை இழுப்பறையில் கிடக்கிறது. பின்புறம் துருப்பிடித்த ஊக்கு. வீடு மாறும்போதெல்லாம் மனைவி அதைக் குப்பைக்கு அனுப்பப் பார்ப்பாள். நான் தேசியச் சொத்தைக் காப்பாற்றுகிறவன்போல் குறுக்கே விழுவேன். பிரிட்டிஷ் தேர்தலில் கட்சிக்காரர்கள் மார்பில் குத்திக்கொள்ளும் பூ அது. நானோ இங்கிலாந்தைப் பார்த்தவன் இல்லை. கனடாவுக்கு வரும் வழியில் லண்டனில் விமானம் நின்றபோது ஜன்னல் வழியே கொஞ்சம் மழையைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

எழுபத்து நான்காம் ஆண்டுப் பிப்ரவரி. திருச்சியிலிருந்து டொராண்டோ வந்து சேர்ந்து ஒரு குளிர்காலம்கூட முழுதாக முடியவில்லை. பக்கத்து ஊரான மிசிசாகாவில் பம்பு செய்யும் ஆலை ஒன்றில் வரைபடம் போடுகிற வேலை. மாலையில் இரண்டு பஸ் மாறி என் வாடகை அறைக்குத் திரும்பினால், அங்கே என்னோடு குடியிருந்தது ஒரு கெட்டில் மட்டும்தான். அது விசிலடித்தால், ‘இருப்பா, வர்றேன்’ என்று பதில் சொல்லப் பழகியிருந்தேன். அது திரும்பப் பேச ஆரம்பித்தால் டாக்டரைப் பார்ப்பது, அதுவரை கவலைப்படுவதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். ஆனாலும் இரவில் விளக்கை அணைக்குமுன் அதை ஒருமுறை சந்தேகமாகப் பார்த்துக்கொள்வேன்.

ஆலையில் என்னைத் தவிர இன்னொரு தமிழர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பல வருடம் லண்டனில் வாழ்ந்துவிட்டு இங்கே வந்து உதிரிபாக ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர். நாற்பதைத் தாண்டியவர், ஒல்லி, இஸ்திரி மடிப்புக் கலையாத சாம்பல் நிற மேலங்கி. அவரைக் கண்டுபிடித்த அன்று, புதையல் கிடைத்தவன்போல் ஸ்டோர் ஜன்னலுக்கு ஓடி, “நீங்க தமிழா?” என்றேன். “ஓம்” என்றார். நான் அடுத்த கேள்விக்கு மூச்சு வாங்குவதற்குள், “என்ன வேணும் தம்பி, போல்ட்டோ நட்டோ?” என்று கேட்டார். எனக்கு இரண்டும் வேண்டாம். ஆனால் வெறுங்கையோடு திரும்ப வெட்கமாக இருந்ததால் ஒரு நட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். இப்படியாக அந்த மாதம் என் மேசையில் நட்டுகள் பெருகின, தமிழ் பெருகவில்லை. அவர் என்னோடு உட்கார்ந்து கொஞ்சம் பேச வேண்டும் என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு ஆசையே கிடையாது. அவரோ மதிய இடைவேளையில் நேரே வெள்ளைக்காரர்களின் மேசைக்குப் போய்விடுவார்.

அந்த மேசை முழுக்க இங்கிலாந்திலிருந்து வந்த தொழிலாளிகள். அங்கே சுரங்கத்தில் வேலைநிறுத்தம், வாரத்தில் பாதி நாள் ஆலைகள் மூடல், திடீரென்று தேர்தல் அறிவிப்பு. நாட்டை விட்டு வந்தவர்களுக்கு அங்கே ஓட்டில்லை. அதனாலேயே இவர்களுக்கு ஆவேசம் இரட்டிப்பு. மேசைத் தலைவர் மான்செஸ்டர் வெல்டர்; கழுத்தே இல்லாத மனிதர், பழைய லண்டன் பத்திரிகையைச் சுருட்டி மேசையில் அடித்து அடித்துப் பேசுவார். எல்லோரும் தொழிலாளர் கட்சிப் பக்கம், அதன் நிறம் சிவப்பு. எதிரே ஒற்றை ஆளாக, பழமைவாதிகளின் நீலக் கட்சிக்கு வக்காலத்து வாங்கியது யார் என்கிறீர்கள்? எங்கள் ஸ்டோர் அண்ணை. மார்பில் இந்த ரிப்பன் பூ. தொழிற்சங்கங்கள் நாட்டைக் கெடுத்துவிட்டன, வரி ஆளைத் தின்கிறது என்று லண்டன் இங்கிலீஷில் அவர் முழங்க, வெல்டரின் முகம் தன் கட்சியின் சிவப்புக்கே வந்துவிடும். “எங்கே எங்கள் நீலம்?” என்று அண்ணை வருவதற்கு முன்பே தேடுவார்கள். மூன்று மேசை தள்ளி, நான் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே பொறாமையோடு பார்ப்பேன். திட்டு வாங்குகிறவனைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வாக்குப்பதிவு நாளன்று இவர்களும் மதிய இடைவேளையில் ஒரு தேர்தல் வைத்தார்கள். கோட்டைப் படம் போட்ட பிஸ்கட் டப்பாவின் மூடியில் வெல்டரே பிளந்துவிட்ட ஓட்டை. அண்ணை என்னைக் கைகாட்டி, இவனுக்கும் ஓட்டு உண்டு என்றார். இங்கிலாந்தை மிதிக்காதவனுக்கு ஏது ஓட்டு என்று வெல்டர் கேட்க, இவன் பாட்டன் உங்கள் ராஜாவின் தலை போட்ட காசில் உங்களுக்கு வரி கட்டியவன், மிச்சத்தை இன்று வசூலிக்கிறான் என்றார். மேசை சிரித்தது. என் கையில் ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் வந்தன.

அப்போது பிடித்தது பாருங்கள் ஒரு உதறல்! வெளிநாட்டு அரசியலில் தலையிட்டதாகக் குடிவரவு அதிகாரிகள் வருவார்கள், திருச்சி ஜங்ஷனில் அப்பா தலையில் கைவைத்தபடி என்னை வரவேற்பார் என்றெல்லாம் ஓடியது. காகிதத்தை விழுங்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன். கொஞ்சம் தடித்த காகிதம். சிவப்பு என்று எழுதினால் மேசையோடு மேசையாகலாம். ஆனால் எண்ணும்போது அண்ணைக்கு அவருடைய ஓட்டு ஒன்று மட்டும் அநாதையாகக் கிடக்குமே என்று தோன்றியது. இரண்டு விழுந்தால் தன் பக்கம் யாரோ இருப்பது அவருக்குத் தெரியும், தேடுவார், பேசுவார். இந்த மகா ராஜதந்திரத்தோடு நீலம் என்று எழுதிப் போட்டேன்.

வெல்டர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. நடுவில் ஒரு நீலம். மேசை அண்ணையைப் பார்த்து ஊளையிட்டது. மறுபடி சிவப்பு. கடைசிக் காகிதம் சிவப்பு. டப்பா காலி.

நான் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு நீலம்தான். அது என் கையெழுத்து. தலை நிமிர்ந்தால், ஆளாளுக்கு முதுகில் தட்டி ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்த கூட்டத்தின் நடுவிலிருந்து, அண்ணை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் ஸ்டோர் ஜன்னலுக்குப் போனேன். “போல்ட்டோ நட்டோ?” என்று கேட்கவில்லை. உள்ளே கூப்பிட்டு, ஒரு பெட்டியைக் கவிழ்த்து உட்காரச் சொன்னார்.

“ஏன் தம்பி நீலம் போட்டனீர்?”

“உங்களுக்கு ஒரு துணையா இருக்கட்டுமேன்னுதான். நீங்க ஏன்ணே சிவப்பு?”

“நான் எப்பவும் சிவப்புத்தான். லண்டனில உந்தச் சிவப்புக்காகப் பனிக்குள்ள வீடுவீடாய்க் கதவு தட்டினவன்.”

“அப்ப மேசையில கத்தறது?”

அவர் அலமாரியில் இருந்த வாஷர்களை அளவு வாரியாக அடுக்கினார். ஏற்கெனவே அளவு வாரியாகத்தான் இருந்தன.

“வந்த புதிசில நானும் ஓம் ஓம் எண்டு அவங்களோட இருந்தனான். ஒருத்தனும் திரும்பிப் பாக்கேல்லை. ஒருநாள் பகிடிக்கு, சும்மா விளையாட்டுக்கு, இல்லை எண்டன். அந்த நாளில இருந்து மேசையில எனக்கெண்டு இருக்க ஒரு கதிரை வைச்சிருக்கிறாங்கள்.” பிறகு, “வெள்ளிக்கிழமை பின்னேரம் கதவைப் பூட்டினால் திங்கக்கிழமை வரைக்கும் என்ர குரலை நானே கேக்கிறேல்லை, தம்பி” என்றார்.

எனக்குக் கெட்டிலைப் பற்றிச் சொல்ல வாய்வரை வந்தது. சொன்னேன். அவர் சிரிக்கவே இல்லை. “பறவாயில்லை, உமக்குக் கெட்டில் எண்டாலும் இருக்கு” என்று சொல்லிவிட்டு, மார்பிலிருந்த பூவைக் கழற்றி என் சட்டையில் குத்தினார். “உண்மையான நீலம் நீர்தான். நாளைக்கு இஞ்ச வாரும். நீர் நீலம், நான் சிவப்பு. தமிழில சண்டை பிடிப்பம்.”

லண்டனில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் அங்கே குழம்பிக்கொண்டிருந்த வசந்தம் முழுக்க, மிசிசாகாவில் ஒரு ஸ்டோருக்குள் தமிழில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கூடியது. மேசையில் அவர் நீலம். ஸ்டோரில் நான் நீலம். எனக்கு அந்தக் கட்சியைப் பற்றி ஒன்றும் தெரியாது. மேசையில் அவர் பேசியதையே ஸ்டோரில் அவரிடம் திருப்பிச் சொல்வேன். “விசர்க் கதை கதையாதையும்!” என்று, பைத்தியக்காரப் பேச்சு என்று, தான் சொன்னதற்குத் தானே சீறுவார். மனைவியா, பிள்ளையா, லண்டனை ஏன் விட்டார், எதையும் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பேசக் கட்சி இருந்தது, போதும் என்று இருந்துவிட்டோம்.

கோடையில் ஒரு திங்கட்கிழமை ஸ்டோர் ஜன்னலில் வேறு ஆள் இருந்தான். லண்டனுக்கே திரும்பிவிட்டார் என்றார்கள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று யோசித்துக்கொண்டே பழக்கதோஷத்தில் ஒரு நட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அக்டோபரில் அங்கே மறுபடி தேர்தல். மேசையில் எல்லோரும் சிவப்பு. ஆளாளுக்குத் தலையாட்டியபடி, பேச எதுவுமில்லாமல் சாண்ட்விச் தின்றார்கள். அவர் நாற்காலி காலியாக இருந்தது. பூவைக் குத்திக்கொண்டு நான் போய் அதில் உட்கார்ந்தேன். வெல்டர் பத்திரிகையைச் சுருட்டினார்.

இப்போது எனக்கும் அவருடைய அன்றைய வயது தாண்டிவிட்டது. மகள் வேறு ஊரில் படிக்கிறாள்; சனிக்கிழமைகளில் மனைவிக்கு வேலை; வீட்டில் மறுபடியும் நானும் கெட்டிலும். போன சனிக்கிழமை அது விசிலடித்ததும் வாயைத் திறந்தேன், திறந்ததும் பயந்துபோய், அடுப்பை அணைத்துவிட்டு டொராண்டோவின் கிழக்கே வோபர்னில் ஒரு காப்பிக் கடைக்குக் காரை விட்டேன். அடுத்த மேசையில் நாலு யாழ்ப்பாணத்துக்காரர்கள், மாகாண அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நாலு பேருக்கும் ஒரே கருத்து; பேச்சு சீக்கிரமே வற்றிவிட்டது. சட்டைப்பையில் கைவிட்டேன். வரும்போது எதற்காக அந்தப் பூவை எடுத்துப் போட்டேனோ, ஊக்கு விரலில் குத்தியது.

“நான் ஒத்துக்கமாட்டேன். இந்த அரசாங்கம் செய்யறது சரிதான்” என்றேன்.

நாலு தலைகள் திரும்பின. “என்ன அண்ணை விசர்க் கதை கதைக்கிறியள்?” என்றார் ஒருவர், முகம் சிவந்து. “கதிரையை இஞ்சால இழுத்துக்கொண்டு வாங்கோ. இண்டைக்கு ரெண்டில ஒண்டு பாப்பம்.”

அரசாங்க விஷயத்தில் உண்மையில் நானும் அவர்கள் கட்சிதான். நாற்காலியை இழுத்தேன்.