மிக்கேல் அண்ணனுக்கு எந்த வண்டி?

ஆக்டிங் டிரைவர் தொழிலில் வண்டி ஊராருடையது, முதுகுவலி மட்டும் நம்முடையது. சொந்த டிரைவர் லீவு போட்ட வீடு, ஓட்டத் தெரியாதவர் ஆசைப்பட்டு வாங்கிவிட்ட வீடு என்று எங்கே கூப்பிட்டாலும் போய் ஒரு நாள் கூலிக்கு ஸ்டீயரிங் பிடிக்கிறவன் நான். என்னைப்போல் அடுத்தவர் வண்டியில் ஆயுளைக் கழிக்கும் சகோதரர்களுக்குத் தெரியும், துக்க வீட்டுக்குப் போனாலும் நம்மிடம் மைலேஜ்தான் கேட்பார்கள். இப்போது கேள்வி இன்னும் நீண்டுவிட்டது. கேஸா, கரண்டா, ரெண்டும் கலந்ததா என்று கேட்கிறார்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பித்துவிடுவேன்.

மிக்கேல் அண்ணனிடம் அப்படித் தப்பிக்க முடியவில்லை. குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர் அவருக்கு. கப்பலில் எஞ்சின் ரூமில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். மனைவி லூர்து அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாடகைக் காரில் அவர்களை ஒருநாள் கூட்டிப்போனபோது அண்ணன் கேட்டார்: "தம்பி, நீ எல்லா வண்டியும் ஓட்டுதே. செவ்வாயும் வெள்ளியும் இவள பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோயி டயாலிசிஸ் கட்டில்ல படுக்க வைக்கணும். ஒரு தடவகூடத் தப்பக்கூடாது. எந்த வண்டி வாங்கட்டும்?"

சொருகாத வயர்

சரியான பதில் பாளையங்கோட்டையிலேயே இருந்தது. அரிசி மண்டி அண்ணாச்சி ஒருவர் வெளிநாட்டு வண்டி ஒன்று வாங்கியிருந்தார். பிளக்-இன் ஹைபிரிட். வீட்டில் சொருகி சார்ஜ் போட்டால் ஊருக்குள் சுற்றுகிற அளவுக்குக் கரண்டிலேயே ஓடும். தீர்ந்தால் பெட்ரோல் எஞ்சின் எடுத்துக்கொள்ளும். கடைக்கும் கோர்ட்டுக்கும் போய்வர ஒரு சொட்டுப் பெட்ரோல் வேண்டாம், சென்னைக்குப் போனால் வழியில் சார்ஜர் தேடவும் வேண்டாம். மிக்கேல் அண்ணனுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. அவர் கைக்கு எட்டுகிற விலையில் அப்படி ஒரு வண்டி இங்கே விற்பனைக்கே இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

விலை எட்டிய அண்ணாச்சி என்ன செய்தார்? கார் நிற்குமிடம் ஈசானிய மூலை, அங்கே கரண்ட் பாயக்கூடாது என்று வாஸ்து பார்த்தவர் சொல்லிவிட்டார். சார்ஜ் வயர் உறைகூடப் பிரிக்காமல் டிக்கியில் கிடந்தது. குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மழையில் நனைகிறவரைப்போல, அவ்வளவு கனமான பேட்டரியைப் பெட்ரோல் எரித்தே சுமந்துகொண்டிருந்தார். "சார்ஜ் போடலேன்னா சாதாரண வண்டியே இதவிட மைலேஜ் குடுக்கும் அண்ணாச்சி" என்று சொல்லிப் பார்த்தேன். பின் சீட்டிலிருந்து பதில் வந்தது:

"ஏலே, பேட்டரி அது பாட்டுக்குக் கெடக்கட்டும். அது என்ன சோறா கேக்கு?"

டிக்கியில் யார்?

மேலப்பாளையம் காதர் பாய் கேஸில் ஓடும் சிஎன்ஜி வண்டி வாங்கியிருந்தார். விடுமுறை முடிந்து சவுதிக்குத் திரும்பும் தன்னைத் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் விட்டுவர என்னைக் கூப்பிட்டார். சிஎன்ஜியில் செலவு குறைவு என்பது உண்மை. கேஸ் தீர்ந்தால் பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதும் உண்மை. ஆனால் கேஸ் பிடிக்க வரிசை ஆட்டோக்களோடு தெரு வரைக்கும் நின்றது. நம் முறை வந்தபோது பங்க்கில் அழுத்தம் குறைந்து, பாதி சிலிண்டர்தான் நிரம்பியது.

டிக்கியைத் திறந்தால் முக்கால்வாசி இடத்தில் சிலிண்டர் படுத்திருந்தது. வீட்டார் ஆசை ஆசையாய்க் கட்டிக்கொடுத்த பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டுதான் எல்லோரும் உட்கார்ந்தார்கள். எனக்கு லூர்து அக்காவின் சக்கர நாற்காலி நினைவுக்கு வந்தது. அதை எங்கே வைப்பது? களக்காடு தாண்டியதும் காதர் பாய், மடியிலிருந்த பெட்டிக்கு மேலே முகத்தைத் தூக்கிக் கேட்டார்:

"சிலிண்டருக்கு எடம் இருக்கு, என் பெட்டிக்கு எடமில்ல. சவுதிக்குப் போறது நானா, சிலிண்டரா வே?"

தானே சார்ஜ் ஆகுமாம்

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் மொத்த வியாபாரம் செய்யும் அம்மா ஒருவர் சொருகத் தேவையில்லாத ஹைபிரிட் வாங்கினார். நல்ல வண்டி. பிரேக் பிடிக்கும்போதும் எஞ்சின் ஓடும்போதும் பேட்டரி தானே நிரம்பும், பெட்ரோல் கணிசமாக மிச்சமாகும். இதையெல்லாம் ஷோரூம் பையன் சொன்னதைவிட அழகாக நான் எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னை மடக்கினார்:

"தானே சார்ஜ் ஆகுதுன்னா, பெட்ரோல் எதுக்குப் போடுதோம் தம்பி?"

சத்தம் போடாத எஞ்சின்

கடைசியில் மிக்கேல் அண்ணன் முழு மின்சார வண்டிதான் வாங்கினார். அதை முடிவு செய்தது நானல்ல, லூர்து அக்காவின் வயிறு. டயாலிசிஸ் முடிந்து வரும்போது அவருக்கு உடம்பு துவண்டுவிடும். எஞ்சின் அதிர்விலும் புகை வாடையிலும் வழியெல்லாம் வாந்தி எடுப்பார். ஒருநாள் வேறொருவரின் மின்சார வண்டியில் கூட்டிவந்தேன். ஊர் வரும்வரை அக்கா கண் திறக்கவில்லை. பயந்துபோய் அண்ணன் அவர் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தார்.

இதுமாதிரியே வாங்கிவிடுவதாக அண்ணன் சொன்னதும், சார்ஜ் தீர்ந்தால் பெட்ரோல் ஊற்றி ஓட்ட முடியாதே, புயல் மழையில் கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று நான் எச்சரித்தேன். அவர் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"சத்தம் போடாத எஞ்சின நான் நம்புனதே இல்ல தம்பி. ஆனா அவ தூங்குதா, பாரு."

கோபுர விளக்கு

போன மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. டயாலிசிஸ் முடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டேன். அண்ணன் அடுப்படி ஜன்னல் வழியாக வயரை இழுத்துச் சொருகிய கொஞ்ச நேரத்தில் காற்று கிளம்பி, ஊர் முழுக்கக் கரண்ட் போனது. செவ்வாய்க்கிழமை காலை நான் போனபோதும் வந்திருக்கவில்லை. பாதி பேட்டரிக்குக் குறையாமல் இருக்கும், பாளையங்கோட்டை போய்விடலாம் என்ற தைரியத்தில் போனேன். வண்டி வீட்டில் இல்லை. மாதா கோயில் வாசலில் நின்றது, அதிலிருந்து ஒரு வயர் கோபுரத்துக்கு ஏறியிருந்தது.

கடலில் தங்கி மீன்பிடிக்கப் போன படகு திரும்பாதவரை கோபுர விளக்கு அணையக்கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். அந்தக் காற்றில் ஒரு படகு திரும்பவில்லை. கோயில் ஜெனரேட்டரில் தண்ணீர் புகுந்துவிட்டது. கார் சாக்கெட்டிலிருந்து கரண்ட் எடுக்கலாம் என்று தெரிந்து, வண்டியைக் கொண்டுபோகச் சொன்னவரே லூர்து அக்காதான். நாலு இரவும் அணையாத விளக்கைப் பார்த்து அன்று விடியலில்தான் படகு கரைக்கு வந்திருந்தது. பேட்டரியில் மிச்சமிருந்தது நாற்பது கிலோமீட்டருக்குத்தான். பாளையங்கோட்டையோ அதைவிட வெகுதூரம்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அக்காவின் கால் வீங்கி, பேச முடியாமல் மூச்சு இரைத்தது. ஆம்புலன்ஸ்கள் வெள்ளத்தில் மாட்டிய ஊர்களுக்குப் போயிருந்தன. அண்ணாச்சியின் வண்டியை நினைத்து மனம் கொதித்தது. சொருகாவிட்டாலும் அதில் பெட்ரோலாவது இருக்கும். வேறு வழியில்லாமல் ஏசியை அணைத்து, பைய உருட்டிக்கொண்டு கிளம்பினோம். படகிலிருந்து இறங்கியவர்கள் ஈரம் காயாத உடம்போடு, அப்போதுதான் ஊருக்குள் வந்த ஒரு மீன் வண்டியில் ஏறி எங்களுக்குப் பின்னாலேயே வந்தார்கள். மூலைக்கரைப்பட்டிக்கு முன்னமே எங்கள் வண்டி நின்றுவிட்டது. நான் கதவைத் திறப்பதற்குள் அவர்கள் அக்காவைத் தூக்கி மீன் வண்டியின் முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள்.

டீசல் புகையிலும் மீன் கவிச்சியிலும் அக்கா வழியெல்லாம் வாந்தி எடுத்தார். ஆனாலும் போய்ச் சேர்ந்தோம். கட்டிலில் படுக்க வைத்து, மெஷின் ஓட ஆரம்பித்து, மூச்சு சீரானது. எனக்கு மனது ஆறவில்லை. "ரெண்டும் கலந்த வண்டியா இருந்தா நடுவழியில நின்னுருக்காதுக்கா. விளக்குக்குக் குடுக்காம இருந்திருந்தாலும் நின்னுருக்காது" என்றேன். அக்கா கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"வண்டி நின்னா என்ன தம்பி, தூக்குறதுக்கு ஆளுக கரை சேந்துட்டாங்கல்லா."

ஆகவே சகோதரர்களே, கேஸோ கரண்டோ, சொருகுவதோ ஊற்றுவதோ, எதை வேண்டுமானாலும் வாங்குங்கள். நடுவழியில் நின்றால் தூக்கிவிட வரும் ஆளை மட்டும் எந்த ஷோரூமிலும் வண்டியோடு சேர்த்துத் தருவதில்லை.